கோப்பை கழுவும் நேரம்

"ஒருத்தரும் கீழ பைப்பைத் திறக்கப்படாது!" என்று மாடிப்படியில் நின்று கத்தினாள் மாதங்கி. தகனசாலையிலிருந்து திரும்பி அரை மணி நேரமாகியும் அவள் கோட்டைக் கழற்றவில்லை.

அடுப்படியில் நின்ற தம்பி றமணன் இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினான். "நான் தொடவே இல்லை அக்கா. வேணுமெண்டால் கையைக் கட்டிவிடு."

குளியலறைக்குள் அம்மா யோகமலர் வாளியோடு காத்திருந்தாள். அப்பா கிருஷ்ணராசாவை எரித்துவிட்டு வந்தவள், முழுகாமல் ஒரு வாய் தண்ணீரும் குடிக்க மாட்டாள். நேற்றுக் காலையிலிருந்து வயிற்றில் வெறும் தேநீர்தான். போன மாதம்தான் நெஞ்சில் சளி முற்றி ஒரு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வெளியே தோர்ண்டன் ஹீத் தெரு பெப்ரவரிக் குளிரில் விறைத்திருந்தது. குழாயிலோ சுடுதண்ணீர் அரை நிமிடம் வருகிறது, பிறகு ஐஸாகிறது.

"பிள்ளை, நான் பச்சைத்தண்ணியிலையே முழுகிறன். விடு."

"ஏலாதம்மா! திரும்பச் சளி கட்டும். பைப்பை இன்னும் கொஞ்சம் குறையுங்கோ. மெல்ல வந்தாத்தான் நல்லாச் சுடும்."

அம்மா குறைத்தாள். தண்ணீர் உடனேயே குளிர்ந்தது.

மாதங்கி கீழே ஓடிவந்து, தண்ணீர் சூடாக்கும் பொயிலருக்கு முன்னால் நின்றாள். அழுத்தம் காட்டும் முள் சரியான இடத்தில்தான் இருந்தது. சுவாலை விளக்கு எரிந்தது, அணைந்தது.

"புதுசு ஒண்டு போடுவம்," என்றான் றமணன்.

"இண்டைக்கோ? பேசாமல் நில்லு."

மேலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அந்த மனுசன் இருக்கேக்கை இது ஒருநாளும் இப்பிடி நிண்டதில்லை."

மாதங்கி திரும்பிப் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்தாள். அம்மா முழுகும்போதெல்லாம் அப்பா அங்கேதான் நிற்பார். தேநீர்க் கோப்பை கழுவுவார். ஒரேயொரு கோப்பை, கால் மணித்தியாலம். 'கோப்பை தேஞ்சு போகப்போகுது' என்று அம்மா மேலேயிருந்தே ஏசுவாள். அவர் கழுவிக்கொண்டேயிருப்பார்.

சுடுதண்ணீர்க் குழாயின் பிடியருகே சிவப்பாக ஒரு புள்ளி இருந்தது. அவளுடைய பழைய நகப்பூச்சு; அளவுக்கு வைத்த அடையாளம்போல.

இந்த வகைப் பொயிலரில் சுடுதண்ணீரைச் சேர்த்து வைக்கும் தாங்கி கிடையாது. தண்ணீர் ஓடும்போதுதான் அது நெருப்பை மூட்டும். உள்ளே ஒரு சின்னச் சக்கரம் அந்த ஓட்டத்தில் சுழலும். சுழற்சி தளர்ந்தால், யாரோ குழாயை மூடிவிட்டார்கள் என்று எண்ணி நெருப்பை அணைத்துவிடும். அம்மாவோ தன் ஆயுளில் எந்தக் குழாயையும் நூல் பருமனுக்குமேல் திறந்தவளல்ல. மேலே போதாத ஓட்டத்தை அப்பா கீழேயிருந்து கொடுத்திருக்கிறார். அவர் செத்த பிறகும், தகனத்துக்கு நாள் கிடைக்கும்வரை, பத்து நாளாக வீடு நிறைய ஆட்கள். யாராவது ஏதாவது கழுவிக்கொண்டேயிருந்தார்கள். அதனால் ஒரு குறையும் தெரியவில்லை. இன்றைக்குத்தான் அடுப்படி சும்மா கிடந்தது.

"றமணன், தள்ளு."

"நீதானே திறக்கப்படாதெண்டு..."

"ஓம், நான்தான். தள்ளு."

பிடியைச் சிவப்புப் புள்ளிவரை திருப்பினாள். பொயிலர் மெல்ல உறுமியது. விளக்கு எரிந்தது. மனதுக்குள் பத்துவரை எண்ணினாள். ஐம்பதுவரை எண்ணினாள். அணையவில்லை.

மேலே வாளி நிரம்பும் சத்தம் கேட்டது. பிறகு தலையில் தண்ணீர் ஊற்றும் சத்தம். நின்று, மறுபடி ஊற்றும் சத்தம்.

"இப்ப வருது பிள்ளை. நல்லாச் சுடுது."

மேலே ஊற்றும் சத்தம் நின்றது.

"கீழ ஆர் கோப்பை கழுவுறது?"

"நான்தானம்மா."

மறுபடி தண்ணீரின் சத்தம் மட்டும்.

"பக்கத்து வீட்டாக்கள் தந்த சோத்தைச் சூடாக்கச் சொல்லு தம்பியை," என்றாள் அம்மா. "பசிக்குது."

றமணன் சட்டியைத் தேடப் போனான். தட்டில் கவிழ்த்து வைத்திருந்த அப்பாவின் கோப்பையை மாதங்கி எடுத்தாள். சுத்தமாகத்தான் இருந்தது. கோட்டின் கை நனைய நனைய, அதைக் கழுவத் தொடங்கினாள்.