பத்துக்கு நாலு

அந்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் அவசரம் என்பது வாசல் பலகையில் மட்டும்தான் இருந்தது. உள்ளே இருந்தவை நாற்காலிகள். ஒவ்வொன்றும் மனுஷ முதுகின் மேல் தீராப் பகை கொண்ட எவனோ உட்கார்ந்து யோசித்துச் செய்தது. அங்கே காத்திருந்த நேரத்தில் ஒரு பிள்ளை பிறந்து, வளர்ந்து, டாக்டருக்குப் படித்து, தன் அம்மாவுக்குத் தானே வைத்தியம் பார்த்துவிடலாம்.

காலை ஒன்பது மணிக்குக் கணக்கு வாத்தியார் வந்து சேர்ந்தார். ஒரு கையால் வலது அடிவயிற்றைப் பிடித்திருந்தார், மறு கை மனைவியின் தோளில். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும் அவருக்கு ‘அரைமார்க்’ என்றுதான் பெயர். முப்பத்துநாலு வருஷத்தில் ஒருத்தனுக்கும் முழு மார்க் போட்டதில்லை. விடை சரியென்றால் கையெழுத்து கோணலாக இருக்கும். கையெழுத்தும் சரியென்றால் மார்ஜின் கோணலாகிவிடும். தன் கல்யாணச் சாப்பாட்டுக்கே ஐந்தரைதான் கொடுத்தார், அதுவும் மாமனார் முகத்துக்கு நேராக.

நர்ஸ் அட்டையை எடுத்தாள். “வலி எவ்ளோ இருக்கு சார்? பத்துக்கு எத்தனைன்னு சொல்லுங்க.”

மார்க் போடச் சொன்னதும் வாத்தியார் வலியோடேயே நிமிர்ந்தார். “பத்துன்னா என்ன அளவும்மா?”

“தாங்கவே முடியாத வலி.”

“தாங்கிக்கிட்டுத்தானே நடந்து வந்தேன். நாலு போடுங்க.”

“என்னங்க இது!” மனைவி பதறினாள். “விடியக்காலையிலேருந்து சுருண்டு கிடந்தீங்களே! சிஸ்டர், பத்துன்னு எழுதும்மா.”

“நீ சும்மா இரு. கூடப் போடச் சொல்லிச் சிபாரிசுக்கு வராதே.”

“பேஷன்ட் சொல்றதைத்தாம்மா எழுத முடியும்” என்று நர்ஸ் அவர் கையில் பச்சைப் பட்டையைக் கட்டினாள். சிவப்பு உடனே உள்ளே போகும். மஞ்சள் கொஞ்சம் பொறுத்துப் போகும். பச்சை, கடவுளுக்கு நேரம் கிடைக்கும்போது.

அடுத்து வந்தவர் கார் கதவில் விரலை நசுக்கிக்கொண்டவர். “பத்து! இல்ல, பன்னெண்டு போடுங்க சிஸ்டர்!” என்று கட்டடம் அதிரக் கத்தினார். கால் மணியில் உள்ளே போய்விட்டார்.

“பத்துக்குப் பன்னெண்டாம்” என்றார் வாத்தியார், பல்லைக் கடித்துக்கொண்டு. “இவனுக்கெல்லாம் எவன் கணக்குச் சொல்லிக் கொடுத்தது?”

நண்பகலில், “ஆறு” என்றார்.

மனைவி கவுன்ட்டருக்கு ஓடினாள். ஏணியிலிருந்து விழுந்து கால் இரண்டு இடத்தில் முறிந்தபோதே ஐந்து கொடுத்த மனுஷன் அவர். “இவர் ஆறுன்னா மத்தவங்களுக்கு அது அறுபதும்மா!”

காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் ஐந்து பேர் வேலையைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் நிமிரவில்லை. “எல்லார் வீட்லயும் இதையேதான் சொல்றாங்க. மஞ்சளா மாத்திடறேன். முன்னாடி இருபத்திரண்டு மஞ்சள் இருக்கு.”

இரண்டரை மணிக்கு அவர் மனைவியின் முந்தானையைப் பிடித்து இழுத்தார். “எட்டு.”

அவள் போட்ட சத்தத்தில் கூடமே எழுந்து நின்றது. நர்ஸ் அட்டையில் எட்டு என்று எழுதி, சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அந்த நிமிஷம் பார்த்து வாத்தியார் முகம் தெளிந்தது.

“ஆச்சரியமா இருக்கு. விட்டுடுச்சு.”

“சொல்லாதீங்க” மனைவி அவர் தொடையைக் கிள்ளினாள். “எட்டாவே இருக்கட்டும். வாயைத் திறக்காம ஏறி உட்காருங்க.”

“போட்ட மார்க் தப்புன்னா திருத்தணும். சிஸ்டர், இப்போ ரெண்டுதான்.”

நர்ஸ் திருத்தினாள். சக்கர நாற்காலி வேறொருவரை ஏற்றிக்கொண்டு போனது. மனைவிக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் அவர் கழுத்தை அங்கேயே நெரிக்கலாமா என்ற ஆத்திரம். அவரோ உற்சாகமாக ஆஸ்பத்திரிக்கு மார்க் போட ஆரம்பித்தார். நாற்காலிக்கு ஒன்று, மின்விசிறிக்கு அரை. கடிகாரத்துக்கு வந்தபோது பேச்சு நின்றது. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. தொட்டால் அடுப்பு மாதிரி சுட்டது.

நான்கு மணிக்கு வேலை மாறி வந்த டாக்டரம்மா அட்டைகளைப் புரட்டினாள். ஒரே அட்டையில் நாலு, ஆறு, எட்டு, இரண்டு. விறுவிறுவென்று வந்தாள்.

“எட்டு எப்போ ரெண்டாச்சு?”

“ரெண்டரைக்கு. திடீர்னு” என்றாள் மனைவி.

வாத்தியார் வயிற்றில் டாக்டரம்மா கை வைத்தாள். பலகையாக இருந்தது. “குடல்வால் வெடிச்சிருக்கு. வெடிச்ச உடனே வலி கொஞ்ச நேரம் அடங்கும், ஏமாத்திடும். ஸ்ட்ரெச்சர்!”

காலையிலிருந்து காணாத அவசரம் அப்போதுதான் வந்து சேர்ந்தது. நான்கு பேர் ஓடினார்கள். நர்ஸும் அட்டையோடு கூடவே ஓடினாள். “சார், இப்போ எவ்ளோ?”

அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

“பத்து” என்றாள் மனைவி.

அவர் மெல்லத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். எங்கே, திட்டட்டும், அரையாவது குறைக்கட்டும் என்று ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் ஓடினாள்.

அவர் குறைக்கவில்லை. கண்ணை மூடி, ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

அவள் கை கம்பியிலிருந்து நழுவியது. ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடிக்கொண்டது.