நாய் உட்கார்ந்த வாசல்

மாவு மில் முதலாளி தன் மில்லுக்குள்ளேயே மண்டை பிளந்து செத்துக் கிடந்தார். காலையில் கதவைத் திறந்த வாட்ச்மேன் போட்ட கூச்சலில் ஊரே கூடிவிட்டது. போலீஸ் வருவதற்குள் கொலைகாரனையும் ஊரே கண்டுபிடித்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மில்லில் மூட்டை தூக்குகிறவன் முந்தின நாள் முதலாளியோடு சண்டை போட்டிருந்தான். "உன்னைச் சும்மா விடமாட்டேன்" என்று பத்துப் பேர் முன்னால் கத்தியும் இருந்தான். வேறென்ன வேண்டும்? இன்ஸ்பெக்டருக்கும் அது போதுமாக இருந்தது. அவனை ஜீப்பில் ஏற்றி, போகிற போக்கில் வாயிலேயே இரண்டு போட்டு, பல்லில் ரத்தம் கசிய உட்காரவைத்திருந்தார். மோப்ப நாயை வரவழைத்ததெல்லாம் சும்மா ஒரு முறைக்காகத்தான்.

நாயோடு வந்த ஏட்டுக்கு அது பிறந்த ஊர். மூட்டைக்காரன் அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். போலீஸில் அவருக்கு நாய்க்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. நாயை அவர் 'மகளே' என்று கூப்பிடுவார். கல்யாணம் ஆகாத மனுஷன், வேறு யாரை அப்படிக் கூப்பிடுவார், பாவம்! அவள் மோப்பம் பிசகி அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இன்றைக்கும் பிசகக்கூடாது, பழைய சிநேகிதன் பிழைத்துப்போகட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டுதான் வேனை விட்டு இறங்கினார்.

கொன்ற கை, இரும்புக் கம்பியைத் துடைத்துவிட்டு ஒரு பழைய துண்டை அங்கேயே போட்டுவிட்டுப் போயிருந்தது. நாய்க்காரர் அதை மகளின் மூக்கருகே காட்டினார். அவள் மில்லின் பின்வாசல் வழியாக வெளியே வந்து, வாய்க்கால் கரையைப் பிடித்து, பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி இழுத்துக்கொண்டு ஓடினாள். பின்னால் இன்ஸ்பெக்டர், அவருக்குப் பின்னால் ஊர், நடுவில் மூட்டைக்காரனின் பெண்டாட்டி. அவர்கள் வீடு ஊருக்கு மறுபக்கம். அதனால் அவள் முகத்தில் உயிர் வந்திருந்தது. மூட்டைக்காரனை ஏற்றிய ஜீப் தெருவைச் சுற்றிக்கொண்டு பின்தொடர்ந்தது.

தையல்கடைச் சந்தில் நாய் திரும்பியதும் நாய்க்காரர் வாரை இழுத்துப் பிடித்தார். இந்தத் தெரு வேண்டாம் மகளே, வேண்டாம். மகள் கேட்கவில்லை. கடைசியில் இருந்த நீலக் கதவுக்கு முன்னால் போய் உட்கார்ந்து, ஒரே ஒரு குரைப்புக் குரைத்து, நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையைத் தடவி 'சபாஷ்' சொன்னால்தான் அவளுக்கு வேலை முடிந்ததாகக் கணக்கு. அதுவரை இடத்தை விட்டு அசையமாட்டாள். அப்படித்தான் அவரே பழக்கியிருந்தார்.

அது அவருடைய அக்கா வீடு.

அம்மா போன பிறகு அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அக்கா. தம்பிக்கு வேலை கிடைத்த பிறகுதான் தன் கழுத்தை நீட்டினாள். அந்த அத்தான் இதே மில்லில், பெல்ட்டில் கை சிக்கிச் செத்துப்போனார். குடித்துவிட்டு வந்து கையை விட்டான் என்று முதலாளி சொன்னார், ஊரும் தலையாட்டியது. "அவர் தொட்டதே இல்லை" என்று அக்கா வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

"யார் வீடுய்யா இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எங்க அக்கா வீடு சார்."

"அட, அதானே பார்த்தேன்! சொந்தக்காரங்க வீட்டுக்கு விருந்தாட வந்துடுச்சா? லீவுல கூட்டிட்டு வருவியோ?"

மகள் இந்த ஊர் மண்ணை மிதித்ததே இன்றைக்குத்தான்.

"ஆமா சார். பழகின வீடு" என்றார் நாய்க்காரர்.

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆடிவிட்டது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஆகப்போவது அவருக்குத் தெரியாதா என்ன? தெரிந்தேதான் சொன்னார்.

"ஐயா, நல்லா பாருங்கய்யா! நீங்க அவரோட படிச்சவருதானே?" என்று மூட்டைக்காரனின் பெண்டாட்டி அவர் காலடியில் விழுந்தாள். அவர் காலை நகர்த்திக்கொண்டு, "வா மகளே" என்று வாரை இழுத்தார். மகள் அசையவில்லை. மறுபடி குரைத்தாள். கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. அவருக்குக் கண்மண் தெரியாத ஆத்திரம் வந்தது. வாரைச் சுருட்டி அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். இத்தனை வருஷத்தில் முதல் அடி. மகள் வீறிட்டுச் சுருண்டாள். பிறகு எழுந்து, அதே இடத்தில் நேராக உட்கார்ந்தாள். அவர் மறுபடி கையை ஓங்கினார்.

நீலக் கதவு திறந்தது.

"அதை ஏன்டா அடிக்கிற?"

"அக்கா, நீ உள்ள போ."

"எத்தனை பேர்டா எனக்காக அடி வாங்குறது? அங்க ஜீப்புல ஒருத்தன் வாங்கிட்டு உக்காந்திருக்கானே, அது பத்தாதா?" அக்கா படியிறங்கி இன்ஸ்பெக்டர் முன்னால் வந்து நின்றாள். "நான்தான் சார். ஆளுங்கல்லாம் போனப்புறம் மில்லுக்குப் போனேன். என் புருஷன் குடிக்கலைன்னு ஊருக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு கேட்டேன், அவ்வளவுதான். செத்தவனுக்கு என்னடி மானம்னு சிரிச்சான். கம்பி பக்கத்துல கிடந்துது. அந்தத் துண்டு அவரோடது, அவர் போனதுலேர்ந்து நான்தான் வச்சிருந்தேன்."

மூட்டைக்காரன் கையிலிருந்த விலங்கு அக்கா கைக்கு மாறியது. "பழகின வீடு, என்னய்யா?" என்றார் இன்ஸ்பெக்டர், தாழ்ந்த குரலில். அக்கா ஜீப்பில் ஏறும்போது, "கதவைப் பூட்டிடு" என்றாள். ஜீப் சந்துமுனையைத் தாண்டிய பிறகுதான் நாய்க்காரர் குனிந்து மகளின் தலையைத் தடவினார். சபாஷ் என்ற சொல் வாய்க்கு வரவில்லை. அடித்த இடம் தடித்துப்போயிருந்தது.

மூட்டைக்காரன் அவர் எதிரில் வந்து நின்றான். அவன் முகத்தில் கோபம்கூட இல்லை, களைத்துப்போயிருந்தான்.

"ஏன்டா, நாய்க்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது" என்றார் நாய்க்காரர்.

மூட்டைக்காரன் வாயிலிருந்த ரத்தத்தை ஓரமாகத் துப்பிவிட்டு, பெண்டாட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.