பலராமன் சாரை நட்ட தீர்மானம்

எங்கள் அடுக்ககச் செயலாளர் பலராமன் சாரை மரமாக்கும் தீர்மானத்தை எழுதியது நான்தான். கையெழுத்து அவருடையது.

எங்கள் சங்கக் கூட்டத்தில் வெற்றுப் பக்கத்தில் முதலில் வருகைக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். தீர்மானத்தை அப்புறம் மேலே எழுதிக்கொள்வார்கள். சித்திரையில் நானும் அப்படித்தான் போட்டேன். போண்டா சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் எங்கள் வாசல் புங்கமரம் வெட்டப்பட்டுக் கீழே கிடந்தது. பொந்தில் மூன்று குக்குறுவான் பறவைக் குஞ்சுகள். மூன்றும் செத்திருந்தன.

"கார் மேல எச்சம் போடுது. நீங்களும் ஒத்துக்கிட்டுத்தானே கையெழுத்து போட்டீங்க?" என்றார் பலராமன் சார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உதவிச் செயலாளர் பதவிக்கு நின்றேன். வேறு யாரும் நிற்கவில்லை. தீர்மான நோட்டு என் கைக்கு வந்தது.

ஆடியில் நகர வாழிட அலுவலகம் சுற்றறிக்கை அனுப்பியது. ஒவ்வொரு தெருவும் பறவைக்கும் அணிலுக்கும் இடம் தர வேண்டும். வெட்டிய மரத்துக்கு ஈடாக உறுப்பினர் ஒருவரை நடலாம். அன்றைய கூட்டத்தில் பலராமன் சாரிடம் வெற்றுப் பக்கத்தை நீட்டினேன். போனில் பேசிக்கொண்டே போட்டார்.

நோட்டோடு அலுவலகம் போனேன். உள்ளே நடைவழி நீண்டுகொண்டே போனது. மூன்றாம் நாள் கவுண்டர் ஜன்னல் வந்தது. உள்ளே ஒரு குக்குறுவான், மூக்குக்கண்ணாடியோடு.

"உயரம்?"

"அஞ்சரை அடி."

"பொந்து?"

"தொப்பையில தோண்டிக்கலாம். இடம் இருக்கு."

அலகால் சீல் குத்தியது.

புங்கமரக் குழியிலேயே அவரை முழங்கால் வரை நட்டோம்.

"வயசுக்கு ஒரு மரியாதை வேணாமா?" என்றார்.

"தீர்மானம் சார்."

அவர் விதிகளை மதிக்கிறவர். நிமிர்ந்து நின்றுகொண்டார்.

அவர் மனைவி சகுந்தலா ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். "வீட்டுல இருந்தப்ப இந்த மனுஷனால ஒரு நிழல் உண்டா?" என்றார். நாற்காலியைப் பலராமன் சார் அடியில் போட்டு அவரைக்காய் நறுக்கினார்.

நாலாம் நாள் கவுண்டரில் இருந்த குக்குறுவானே குடிவந்தது. ஒரு வாரம் தொப்பையைக் கொத்தியது. நான் பால்கனியில் நின்று பார்த்தேன். தப்பாக நினைத்தாலும் சரி, சித்திரைக்குப் பிறகு அந்த வாரம்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

ஐப்பசியில் பலராமன் சார் என்னைக் கூப்பிட்டார். தோளில் தளிர் விட்டிருந்தது.

"நோட்டை எடுங்க. ரத்துன்னு எழுதுங்க. நான் பண்ணது தப்புதான்."

"ரத்து பண்ண எல்லாக் குடியிருப்பாளரும் கையெழுத்து போடணும் சார். உள்ள இருக்கிறதும்தான்."

அவர் குனிந்து தொப்பையைப் பார்த்தார். "என்னம்மா சொல்ற?"

குக்குறுவான் தலையை நீட்டியது. "குஞ்சு பறக்கட்டும்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"அஞ்சு வாரம்."

"அஞ்சு வாரம்தானே. பொறுத்துக்கறேன்." அவர் கண் கலங்கியது. எனக்கு நன்றி சொன்னார்.

"பரவாயில்ல சார்" என்றேன்.

குக்குறுவானுக்கு அந்தப் பொந்தை நான் எழுதிக்கொடுத்திருக்கும் குத்தகை தொண்ணூற்றொன்பது வருஷம். அதை அவரிடம் சொல்லவில்லை.