பழங்காட்டு மண் ஒரு பிடி

புதைகுழியை மூடிவிட்டு ஆட்கள் மண்வெட்டிகளோடு விலகியபோது, நிலைய இயக்குநர் ஜீப்பின் பின்கதவைத் திறந்து ஒரு மரக்கன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். இடுப்பளவு உயரம். இலைகள் எண்ணெய் பூசியதுபோல் மின்னின.

அக்கா, தம்பியின் தலைமாட்டில் நிமிர்ந்து நின்றாள். அழுகையை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்தவள் அவள்.

காடு வளர்க்கும் அந்த நிலையத்தில் வேலை பார்த்தவர் யார் இறந்தாலும் தலைமாட்டில் ஒரு கன்று நடுவார்கள். பக்கத்தில் பெயர் பொறித்த தகடு ஒன்றும் நிற்கும்.

"தகடு எங்க?" என்றாள் அக்கா.

"அக்கா, அவனை வேலையை விட்டு எடுத்தாச்சு. உங்களுக்குத் தெரியாததா? நானா பேசித்தான் கன்றையாவது வாங்கிட்டு வந்தேன்."

இயக்குநரும் தம்பியும் பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அக்கா வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்தவர். அப்போதெல்லாம் அவரை 'வாடா, போடா' என்பாள். இன்றைக்கு 'நீங்க' என்றாள். அந்த மரியாதை அவருக்குச் சுட்டிருக்க வேண்டும்.

"திருடனுக்குக் கன்று எதுக்கு?"

"அந்த வார்த்தையை நான் சொல்லலையே."

"நீங்க சொல்லலை. ஊரைச் சொல்ல வெச்சீங்க."

கல்லறைத் தோட்டத்துக்கு மேலே மொட்டை மலைச்சரிவு. மரங்களை வெட்டி மாடு மேய்த்து, பிறகு கைவிடப்பட்ட நிலம். அதில் திரும்பக் காடு எழுப்பத்தான் நிலையம். நோய் வரக்கூடாது என்று நாற்றங்கால் மண்ணை ஆவியில் அவித்து, உரம் போட்டு வளர்ப்பார்கள். கன்றுகள் அங்கே தளதளவென்று இருக்கும். சரிவில் வைத்தால் அடுத்த கோடையில் குச்சியாகிவிடும். நாற்றங்காலுக்குப் பொறுப்பு தம்பி. செத்த கன்றுகளைப் பிடுங்கிப் பார்த்தான். வேர்கள் மொட்டையாக இருந்தன. வெட்டுப்படாமல் மிஞ்சிய பழங்காட்டின் ஓரத்தில் தானாக முளைத்தவற்றின் வேர்களிலோ வெள்ளை நூல்போல் பூஞ்சை சுற்றியிருந்தது.

"அது மண்ணுக்குள்ள தூரமாப் போய்த் தண்ணியும் சத்தும் கொண்டுவரும்க்கா. பதிலுக்கு மரம் அதுக்குச் சர்க்கரை கொடுக்கும். நாம மண்ணோட சேர்த்து அதையும் அவிச்சுடறோம்" என்றான் ஒருநாள்.

"புருஷன் பொண்டாட்டி மாதிரின்னு சொல்லு."

"அதைவிட மேல்க்கா. சண்டை கிடையாது."

பழங்காட்டு மண்ணை நடவுக் குழிக்குக் கொஞ்சம் போட அனுமதி கேட்டான். பதில் இல்லை. தானே எடுத்து, சரிவின் நடுவே நட்ட கன்றுகளுக்குப் போட ஆரம்பித்தான். பழங்காட்டிலிருந்து ஓர் இலைகூட வெளியே போகக்கூடாது என்பது விதி. சில வருஷம் கழித்துப் பழங்காட்டு வாசலில் பிடிபட்டான். அடுத்தவர் வேலியில் ஒரு குச்சி ஒடித்தறியாத குடும்பத்துக்கு 'மண் திருடன்' என்ற பெயர் வந்தது. அந்தப் பெயரோடுதான் நேற்று மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான்.

மொட்டைச் சரிவின் நடுவே ஒரேயொரு திட்டு மட்டும் கரும்பச்சையாக நின்றது. அக்கா அதை நோக்கிக் கையை நீட்டினாள்.

"அது யார் வெச்சது?"

இயக்குநர் திரும்பிப் பார்க்கவில்லை. "நிலையம் வெச்சது."

"உங்க காலண்டர்ல எல்லாம் அந்தப் படம்தான் இருக்கு. படத்துக்கு ஆகும், பேருக்கு ஆகாதோ?"

கூட்டத்தில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். தம்பியின் மனைவி அக்காவின் முழங்கையைப் பிடித்தாள். "அண்ணி, விடுங்க. நாலு பேர் பாக்கறாங்க."

"பாக்கட்டும். அவனைத் திருடன்னப்பவும் இதே நாலு பேர்தான் கேட்டாங்க."

இயக்குநர் குனிந்து கன்றின் பையைக் கிழிக்கப் போனார்.

"நில்லுங்க. இது அவிச்ச மண்ணுல வந்தது. என் தம்பி தலைமாட்டுல காஞ்ச குச்சி நிக்கக்கூடாது. பழங்காட்டு மண்ணு ஒரு பிடி போட்டு நடுங்க."

"அதுக்குத்தானே அவனை..."

"சொல்லுங்க. மிச்சத்தையும் சொல்லுங்க."

அவர் பையைக் கிழிக்காமலே கன்றைத் தரையில் வைத்தார். அக்கா நடந்தாள்.

கல்லறைத் தோட்டத்தை அடுத்து முள்கம்பி வேலி. அதில் பழங்காட்டின் இரும்புக் கதவு. காவலாளி நாற்காலியை விட்டு எழுந்தார். தம்பியைப் பிடித்துக் கொடுத்தவர் அவர்தான்.

"உள்ள போகக்கூடாதும்மா."

"தடுக்கறது உங்க வேலை. தடுங்க."

அவர் கையைத் தூக்கினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் இறக்கிக்கொண்டார். "மேல சொல்லியாகணும்மா."

"தாராளமா சொல்லுங்க. அவனோட அக்கா, பட்டப்பகல்ல, எல்லாரும் பாக்க வந்து எடுத்தாள்னு சேர்த்துச் சொல்லுங்க."

கதவைத் தள்ளி உள்ளே போய், முதல் பெரிய மரத்தடியில் முழங்காலிட்டாள். யார் முன்னும் மடங்காத முழங்கால் வலித்தது. சருகை விலக்கினாள். அடியில் மண் குளிர்ந்து கறுத்திருந்தது. மெல்லிய வேர்களோடு வெள்ளை நூல்கள் பின்னிக்கொண்டு வந்தன. ஒரு பிடி எடுத்து, சருகை மறுபடி மூடினாள். முந்தானையில் முடிய மனம் வரவில்லை. விரித்த உள்ளங்கையில் ஏந்தி, கூட்டத்தின் நடுவே திரும்பி வந்தாள்.

அதற்குள் யாரோ கன்றுக்குக் குழி தோண்டியிருந்தார்கள். இயக்குநர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அக்கா, நான் இதைப் பாக்கலைன்னே வெச்சுக்கறேன்."

"இல்ல. பாத்தீங்க."

மண்ணைக் குழியில் உதிர்த்தாள். இயக்குநர் பையைக் கிழித்தெறிந்துவிட்டு, கன்றைக் குழியில் இறக்கி நேராகப் பிடித்துக்கொண்டார்.

தம்பியின் மனைவி குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு பிடி பத்தாது, அண்ணி. அவர் ரெண்டு பிடி போடுவார்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"கூடச் சுமந்தவ நான்தானே." இயக்குநருக்குக் கேட்கட்டும் என்பதுபோல் குரலை உயர்த்தித்தான் சொன்னாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலியை நோக்கி நடந்தாள்.

காவலாளி அவள் வருவதைப் பார்த்தார். நாற்காலியை இழுத்து ஓரமாகப் போட்டார்.