காற்று இருபத்திரண்டு

காற்றுக்கு எந்தத் தலைமை விருந்தினரையும் தெரியாது. காலை ஆறு மணிக்கு வரவேண்டியவர் கூட்டேரிப்பட்டு தாண்டி எங்கள் மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்தரை. ஆறு மணிக்கு ஓர் இலைகூட அசையவில்லை. பத்தரைக்கு என் படம் போட்ட பேனர் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ‘காலனியிலிருந்து வானத்துக்கு’ என்று அதில் எழுதியிருந்தார்கள். என்னைக் கேட்காமல்தான்.

அன்று நான் முதன்முறையாகப் பாராமோட்டாரில் தனியாகப் பறக்க வேண்டும். முதுகில் இன்ஜின், தலைக்கு மேல் துணிச்சிறகு, அவ்வளவுதான் வண்டி. அதற்காக நான்கு மாதம் ஞாயிறுதோறும் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போய்த் தரைவகுப்பில் உட்கார்ந்தேன். காற்று, மேகம், எடை, சட்டம் எல்லாம் படித்தேன். தேர்வில் நான்தான் முதல். பயிற்சியாளர் சகாயராஜ் சார் முதல் வகுப்பிலேயே சொன்னது, காற்று மணிக்குப் பதினைந்து கிலோமீட்டரைத் தாண்டினால் புதியவர்கள் கிளம்பக் கூடாது.

காற்றுமானியைத் தூக்கிப் பிடித்தேன். இருபத்திரண்டு.

“நான் இன்னிக்குப் பறக்கல சார்” என்றேன்.

கிளப் செயலாளர் சேரனுக்கு முகம் கறுத்துவிட்டது. “ஏம்மா, எல்லாரும் பாத்துக்கினு இருக்காங்க. பேஜாரு பண்ணாத. ஜல்தியா ஒரு ரவுண்டு சுத்திட்டு எறங்கிடு.”

“காத்து அதிகமா இருக்குது சார்.”

“இன்னிக்குப் பறக்கலன்னா கிளப் லிஸ்ட்லேர்ந்து உம் பேர எடுத்துடுவேன்.”

“எடுத்துக்குங்க.”

சகாயராஜ் சாரைப் பார்த்தேன். அவர் தன் ஷூவைப் பார்த்தார்.

கூட்டத்தில் யாரோ “பயந்துக்கிச்சுடா” என்றான். சிரித்தார்கள். எங்கள் தெருவிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதுதான் வலித்தது. அழுகை முட்டியது, அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. அடுத்தவன் போ என்றால் போவதும் வா என்றால் வருவதும் என் அப்பாவோடு முடியட்டும். ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

சேரன் பதிவேட்டைச் சகாயராஜ் சாரிடம் நீட்டினார். “பொண்ணு பயந்துடுச்சுன்னு எழுதுங்க.”

சார் பேனாவைத் திறந்தார். நான் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை.

‘காற்று 22. பறக்கவில்லை. முடிவு செய்தவர் மா. அஸ்வினி’ என்று எழுதினேன். கீழே ‘பயிற்சி மாணவர்’ என்று அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு, ‘விமானி’ என்று போட்டுக் கையெழுத்திட்டேன்.