ஏழு மணி என்றால் பத்து மணி

சிதம்பரம் ஸ்டேஷனில் ரயில் நின்றபோது மணி ஆறடிக்கப் பத்து நிமிஷம். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணில் விழுந்த கரித்தூளைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தேன். பிளாட்பாரத்தில் ஏழெட்டுப் பேர் கூடி நின்றார்கள். பச்சை டிரங்குப் பெட்டி ஒன்று, கயிறு கட்டிய பாய்ச் சுருட்டு, துணி வைத்து வாயைக் கட்டிய ஊறுகாய் ஜாடி. நடுவில் தலை நிறையக் கதம்பமும் புதுச் சேலையுமாக லோகநாயகி. அந்த நேரத்தில் அவள் அங்கே நிற்கக் கூடாது. முந்தின நாள் சாயங்காலமே ரயிலேறி, நாகப்பட்டினத்துச் சத்திரத்தில் படுத்தெழுந்து, இந்நேரம் துறைமுகக் கொட்டகையில் பினாங்குக் கப்பலுக்கு வரிசையில் நின்றிருக்க வேண்டியவள். அங்கே கேட்டை ஏழு மணிக்கு அடைப்பார்கள். இந்த ரயிலில் போய், மாயவரத்தில் மாறி, அங்கே சேர ஒன்பதரை ஆகும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவளுக்கு நேரம் சொல்லி அனுப்பியவனே நான்தான். கடலூர் முதுநகரில் கப்பல் டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் சப் ஏஜெண்டு ஆபீசில் பதினோரு வருஷமாக நான் குமாஸ்தா. பெயர் தேவசகாயம். பாஸ்போர்ட்டைப் பார்ப்பது, அம்மைப்பால் குத்திய அட்டையையும் காலரா ஊசி அட்டையையும் சரிபார்ப்பது, பெட்டியின் மேல் பெயரெழுதச் சொல்வது, கடைசியாக எத்தனை மணிக்குக் கொட்டகையில் இருக்க வேண்டும் என்று சொல்வது. இந்தக் கடைசி வேலையில்தான் நான் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தேன்.

ஆரம்பத்தில் நிஜ நேரத்தைத்தான் சொன்னேன். பத்து மணி என்றால் பத்து மணி. நம் ஜனங்கள் பதினொன்றுக்கு வந்தார்கள். நான் நாகப்பட்டினம் போயிருந்த ஒரு நாள் ஸ்ரீமுஷ்ணத்துக்காரர் ஒருவர் கேட் அடைத்து அரை மணி கழித்து வந்து, வழியில் மச்சானைப் பார்த்ததில் பேச்சு நீண்டுவிட்டது என்றார். கப்பல் சாயங்காலம் நாலு மணிக்குத்தானே, அதோ அங்கேயே நிற்கிறதே, என்ன அவசரம் என்று என்னையே கேட்டார். கப்பல் கரைக்கு வராது, ஒரு மைல் தள்ளி நிற்கும், இங்கிருந்து படகில் போக வேண்டும், அதற்குமுன் டாக்டர் பார்க்க வேண்டும், போலீஸ் முத்திரை குத்த வேண்டும், சுங்கத்தில் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும் என்று தொண்டை வறளக் கத்தினேன். அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். பத்து மணிக்கு அடைக்கும் கேட்டுக்கு ஏழு மணி என்று சொல்வது. மூன்று மணி நேரப் பொய். அதன்பிறகு என் கையால் டிக்கெட் வாங்கிய ஒருவர்கூடக் கப்பலைத் தவறவிட்டதில்லை. முதலாளி நாலு பேருக்கு முன்னால் என்னைப் புகழ்ந்தார். நம் ஜனங்களை எனக்குத் தெரியாதா என்று நானும் மார் தட்டிக்கொண்டேன்.

லோகநாயகி ஜூன் மாத ஆரம்பத்தில் தன் அண்ணன் தேவநாதனோடு ஆபீசுக்கு வந்தாள். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஊர். புருஷன் சாமிக்கண்ணு பினாங்கில் அரிசி ஆலையில் வேலை. கல்யாணமாகி நாற்பத்திரண்டாம் நாள் கப்பலேறிய மனிதர், அப்புறம் கடிதமாகவே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார். ஐந்து வருஷம் பிரிந்திருந்த பெண்டாட்டியை உள்ளே விடுவதில்லை என்று மலேயாவில் சட்டம் போட்டிருந்தார்கள். அந்த ஐந்து வருஷம் வருகிற ஜூலை எட்டாம் தேதி முடிகிறது. அதற்குள் அவள் பினாங்கில் இறங்கியாக வேண்டும் என்று அனுமதித் தாளிலேயே தேதி போட்டிருந்தது. ஜூன் இருபத்தேழு, புதன்கிழமைக் கப்பலில் போனால் ஐந்தாம் நாள் இறங்கிவிடலாம். அதற்கடுத்த கப்பல் ஜூலை பதினொன்று. இதை நான் இருவருக்கும் இரண்டு முறை சொன்னேன். டிக்கெட் உறையின் மேல் சிவப்பு மையில் “புதன் காலை ஏழு மணி” என்று எழுதி அடியில் கோடும் போட்டேன்.

“அங்க எறங்குனா அவரு எந்தப் பக்கமா நிப்பாரு சார்?” என்று அவள் கேட்டாள். அன்று அவளாகக் கேட்டது அது ஒன்றுதான்.

“அஞ்சு வருஷமாச்சே, உனக்கு அடையாளம் தெரியுமாம்மா?” என்று சீண்டினேன்.

“நடையப் பாத்தா தெரிஞ்சுடும்” என்றாள். சொல்லிவிட்டு அண்ணனுக்குப் பின்னால் மறைந்துகொண்டாள்.

அதற்குப் பின், கப்பலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, கம்பெனியிலிருந்து டைப் அடித்த சுற்றறிக்கை வந்தது. காலரா பயத்தால் இந்த முறை எல்லாப் பயணிகளையும் டாக்டர் கரையிலேயே பார்ப்பார், பார்த்து முடித்துப் பட்டியலோடு கப்பலுக்குப் போய்விடுவார், ஆகவே கேட் காலை ஏழு மணிக்கு அடைக்கப்படும், அதன்பின் யாரும் படகேற்றப்பட மாட்டார்கள் என்று இருந்தது. படித்துவிட்டு நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். நான்தான் ஏற்கெனவே எல்லோருக்கும் ஏழு என்று சொல்லியிருக்கிறேனே. கடைசியில் கம்பெனியே என் நேரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று முதலாளியிடம் தமாஷாகச் சொல்லிவிட்டு, தாளைக் கோப்பில் போட்டுக் கட்டினேன்.

இப்போது சிதம்பரத்தில், ரயிலிலிருந்து இறங்கி, அது நிற்காத கிள்ளைக்குத் திரும்பிப் போய் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டிய நான், அந்தக் கூட்டத்தை நோக்கி ஓடினேன்.

தேவநாதன் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பானான். “சாரு! நீங்களும் கப்பலுக்கா? நல்லதாப் போச்சு. லோகா, சாரு வந்துட்டாரு பாரு.”

“ஏன் நேத்தே போகல?” என்றேன்.

அவனுடைய அம்மா தைலம்மாள் முன்னால் வந்தாள். “நேத்து செவ்வாக்கெழமையாச்சுங்களே. செவ்வா, வெள்ளியில பொண்ண வூட்ட வுட்டு அனுப்புவாங்களா? அதுவும் அஞ்சு வருசங்கழிச்சுப் புருசங்கிட்ட போற பொண்ணு. நாந்தான் முடியவே முடியாதுன்னுட்டேன்.”

“ஏழு மணிக்கு கேட்டை அடைச்சுடுவாங்க.”

தேவநாதன் என் தோளைத் தொட்டான். “பயப்படாதீங்க சார். ஏழுன்னா பத்துன்னு எங்களுக்குத் தெரியும். பரங்கிப்பேட்ட சேக் பரீது பாய் சொல்லிட்டாரு. எத்தினி தடவ போயி வந்த மனுசரு. தேவசகாயம் சாரு எப்பவும் மூணு மணி நேரம் முன்னால சொல்லுவாரு, ஜாஸ்தி பயப்படாதன்னாரு. ஒம்பதரைக்கெல்லாம் போயிடுவோம்.”

சேக் பரீது கப்பலுக்கு முந்தின நாளே போய் நாகூர் தர்காவில் ஜியாரத் செய்துவிட்டு, விடிந்ததும் கொட்டகைக்கு வந்துவிடும் ஆள். என் ஏழு மணி அவரை ஒருநாளும் தொட்டதில்லை. வெளியே நின்று பீடி பிடித்தபடி பத்து மணி வரை கேட் திறந்திருப்பதைப் பார்த்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான். ரகசியம் என்று நான் இத்தனை வருஷமாகப் பூட்டி வைத்திருந்தது பரங்கிப்பேட்டைக் கடைத்தெரு முழுக்கத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

“இந்தத் தடவை ஏழுன்னா ஏழுதான் தேவநாதன்.”

அவன் சிரித்தான். “எல்லாத் தடவையும் இப்பிடித்தான சார் சொல்லுவீங்க?”

“கர்த்தர் மேல ஆணையாச் சொல்றேன். கம்பெனியிலேருந்து கடுதாசி வந்திருக்கு.”

நான் ஆணையிட்டு யாரும் பார்த்ததில்லை. சிரிப்பு அவன் முகத்திலிருந்து ஒரேயடியாகப் போகவில்லை. வாய் சிரித்தபடியே இருந்தது, கண் மட்டும் என்னை விட்டு நகராமல் நின்றது. லோகநாயகி அண்ணனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஊறுகாய் ஜாடியை மட்டும் குனிந்து கையில் எடுத்துக்கொண்டாள்.

நான் ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஓடினேன். நாகப்பட்டினம் ஸ்டேஷனுக்குத் தந்தி தட்டி, துறைமுகத்தில் எங்கள் ஏஜெண்டு ஆளிடம் ஒரு பெண் வந்துகொண்டிருக்கிறாள், கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். நல்ல மனிதர். கேள்வி கேட்காமல் தட்டினார். இன்ஜின் தண்ணீர் பிடித்து முடிந்து கார்டு விசில் ஊதும்போது நானும் அவர்களோடு ஏறினேன். தைலம்மாள் தன் நெற்றியில் இருந்த விபூதியையே வழித்து ஜன்னல் வழியாக மகளுக்குப் பூசினாள். என்ன நடக்கிறதென்று அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. “நல்ல நாளு பாத்துத்தாண்டி அனுப்புறேன்” என்று ரயிலோடு கூடவே நடந்தாள். பிளாட்பாரம் முடிகிற இடத்தில் நின்றுவிட்டாள்.

கொள்ளிடம் பாலம் தாண்டும்போது தேவநாதனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொய் சொல்லும் வழக்கத்தை, சுற்றறிக்கையை, கோப்பில் போட்டதை. சிரித்ததை மட்டும் சொல்லவில்லை. அவன் தரையைப் பார்த்தபடியே பேசினான்.

“அந்தக் கடுதாசி வந்த அன்னிக்கே ஒரு கார்டு எழுதிப் போட்டிருக்கலாமே சார். இந்த வாட்டி நெஜம்னு ஒரு வரி.”

ஏழு மணி என்றுதான் முன்னாடியே சொல்லியிருந்தேனே என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மரியாதை குறையாமல் சார் என்றே பேசினான். அதுதான் தாங்க முடியவில்லை.

வைத்தீஸ்வரன்கோயில் தாண்டியதும் என்னையறியாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். லோகநாயகி அதைப் பார்த்துவிட்டாள்.

“ஏழு ஆயிடுச்சுங்களா?”

“ஆயிடுச்சும்மா.”

அவள் தலையாட்டினாள். பிறகு மாயவரத்தில் ரயில் மாறினோம். திருவாரூரில் ஒரு கிழவர் இடம் கேட்க, அவள் நகர்ந்து உட்கார்ந்தாள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு சின்ன நம்பிக்கை இருந்தது. தந்தி போயிருக்கும். டாக்டர் காப்பி குடிக்கப் போயிருப்பார். அரசாங்க வேலை என்றைக்குச் சொன்ன நேரத்துக்கு நடந்திருக்கிறது? வாழ்நாள் முழுக்கத் தாமதத்தைத் திட்டியவன், அன்று மூன்றரை மணி நேரமும் யாராவது தாமதமாக வந்திருக்க வேண்டும் என்று ஜெபித்துக்கொண்டிருந்தேன்.

யாரும் தாமதமாக வரவில்லை. தந்தி ஏழேகாலுக்கு எங்கள் ஆள் கைக்குப் போயிருந்தது. அதற்குள் டாக்டர் பட்டியலில் கையெழுத்துப் போட்டுப் படகேறியிருந்தார். கடலூர்ப் பக்கத்துப் பயணிகள் பன்னிரண்டு பேர், வந்தது பதினொன்று. பன்னிரண்டாவது பெயரைச் சிவப்புப் பென்சிலால் அடித்திருந்தார்கள். கேட்டில் நின்ற அதிகாரியிடம் அனுமதித் தாளைக் காட்டினேன், தேதியைக் காட்டினேன், தப்பு முழுக்க என்னுடையது என்றேன். அவர் கடுமையானவர் அல்ல. லோகநாயகிக்கு நாற்காலி போடச் சொன்னார். ஆனால் டாக்டர் பார்க்காத ஆள் கப்பலில் கால் வைத்தால் பினாங்கில் ஒருவரையும் இறங்க விட மாட்டார்கள், தனக்கு அதிகாரம் இல்லை என்றார். நாலாவது முறை கேட்டபோது உள்ளே போய்விட்டார்.

அவள் நாற்காலியில் உட்காரவில்லை. கொட்டகையைச் சுற்றி நடந்து மணலுக்குப் போய், டிரங்குப் பெட்டியின் மேல் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். கப்பல் அங்கேயேதான் நின்றது. மேல்தட்டில் துணி காயப்போட்டிருப்பதுகூடத் தெரிந்தது. பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று. கப்பல் அசையவில்லை. தேவநாதன் சோடா வாங்கி வந்து நீட்டினான். அவள் வாங்கவில்லை. நாங்கள் இருவரும் அவளுக்குப் பின்னால் நின்றோம். எதிரில் போக எனக்கு முகமில்லை. ஆலையில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அந்தச் சாமிக்கண்ணு துறைமுகத்துக்கு வந்து நிற்பார், இறங்குகிற ஒவ்வொருத்தியாகப் பார்ப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கும் நான்தான் தந்தி எழுத வேண்டும்.

இரண்டு மணிக்குமேல் கொட்டகையின் பக்கவாட்டுக் கதவைத் திறந்தார்கள். உள்ளிருந்து கூலியாட்கள் வெங்காய மூட்டைகளைத் தூக்கி வந்து படகில் அடுக்கினார்கள். ஒரு படகு போயிற்று. இன்னொன்று வந்தது. யாருக்கும் அவசரமில்லை. நடுவில் நிறுத்திவிட்டு ஒருவன் வெற்றிலை போட்டுக்கொண்டான். அவர்களுடைய கணக்கப்பிள்ளை குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூன்றரை மணி வரைக்கும் ஏற்றினார்கள்.

லோகநாயகி திரும்பி என்னைப் பார்த்தாள். அழுத முகமில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவள்போலத்தான் கேட்டாள்.

“இந்த மூட்டைங்கள எத்தினி மணிக்கு வரச் சொல்லியிருந்தாங்க சார்?”

கடைசிப் படகு தள்ளிவிட்டது. அலையில் ஒருமுறை மூக்கைத் தூக்கி இறங்கியது. மேல் வரிசையில் ஒரு மூட்டை வாய் பிரிந்து, ஒன்றிரண்டு வெங்காயம் தண்ணீரில் விழுந்து, கரையைப் பார்த்து மெல்ல மிதந்து வந்துகொண்டிருந்தன.