இறகு போன கோழி

அவள் துணியை விலக்கிப் பார்த்தாள். காலையில் அவள் கடைக்குப் போகும்போது தேக்குப் பலகையில் அவள் செதுக்கியபடி உடம்பு நிறைய இறகோடு அடைகாத்துக்கொண்டிருந்த கோழி, இப்போது தேய்ந்த சோப்புக் கட்டி மாதிரி வழவழவென்று உட்கார்ந்திருந்தது.

"யாரு இதைத் தொட்டது?"

பக்கத்து அறையில் தையல் மிஷின் நின்றது. கழுத்தில் அளவு நாடாவோடு கணவன் எட்டிப் பார்த்தான். முகத்தில் பரிசு வாங்கப்போகிறவனின் சிரிப்பு.

"நான்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். குழந்தைங்க ஆஸ்பத்திரியில மாட்டப் போறாங்க, கையில சிராய் ஏறிடக்கூடாதுல்ல? நீ வர்றதுக்குள்ள முடிக்கணும்னு சாப்பிடக்கூட இல்ல."

"ஐயோ, அதெல்லாம் இறகுங்க!"

"இறகா? உளி பட்ட தடம், நீ இன்னும் தேய்க்கலைன்னு நினைச்சேன்."

"அந்தத் தடம்தாங்க இறகு!"

தைத்து முடித்த துணியில் ஒரு நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தாலும் தூக்கம் வராத மனிதன் அவன். அது தெரிந்தும் பலகையை வீட்டில் வைத்துவிட்டுப் போன தன் புத்தியை எதால் அடிப்பது? இத்தனை வருடம் கரண்டியும் முக்காலியும் செய்தவளுக்கு இதுதான் முதல் பெரிய ஆர்டர். மாதிரிக்குச் செய்த சின்ன இறக்கையை டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்து, "ஊசிக்குக் காத்திருக்கிற பிள்ளைங்க இதைத் தடவிட்டே இருக்கட்டும்" என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார். சாயங்காலம் வேன் வந்துவிடும்.

"உங்க கோட்டுல பட்டன் மாட்டுற காஜாவெல்லாம் ஓட்டைன்னு நினைச்சு நான் அடைச்சுத் தைச்சு வச்சா சும்மா இருப்பீங்களா?"

அவன் குனிந்து பலகையை விரலால் தடவிப் பார்த்தான்.

ஈரக் கையோடு வந்த மாமியார் பலகையைப் பார்த்துவிட்டு மகனைப் பார்த்தார். "ஏண்டா, கறிக்கடையில தொங்குறது மாதிரி ஆக்கி வச்சிருக்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கோபம் இறங்கிவிடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"மறுபடி செதுக்கிடலாம்ல? மரம் அங்கயேதானே இருக்கு" என்றான் அவன்.

அங்கேதான் சிக்கல். உப்புத்தாளின் பொடி மரத்தின் நாரிடுக்கில் புகுந்துவிட்டால் எந்த உளியின் வாயும் தாங்காது. தேய்த்த மரத்தில் மறுபடி உளி வைக்கக்கூடாது என்பது தொழிலின் முதல் பாடம். தூரிகையால் தட்டி, ஈரத்துணியால் துடைத்து, வேறு வழியில்லாமல் வளைந்த உளியை எடுத்தாள். நாலு இறகு செதுக்குவதற்குள் உளி மழுங்கி, வெட்டுவதற்குப் பதில் பிய்த்தது. தீட்டினாள். மறுபடி மழுங்கியது.

"மரம் வெடிச்சிடுச்சுன்னு டாக்டர்கிட்ட சொல்லிடலாமா?" என்றான் கணவன்.

"பார்த்துப் பார்த்துக் காயவச்ச மரங்க. வெடிச்சதுன்னு அது மேல ஏன் பழி போடணும்?"

வேன் வந்தபோது ஒரு இறக்கைதான் பாதி முடிந்திருந்தது. டிரைவர் கோழியை ரசித்துப் பார்த்தான். "பளபளன்னு நல்லாத்தானே இருக்குக்கா. தூக்கிடவா?"

அவள் பலகையின் மேல் கையை விரித்து வைத்தாள். "வேண்டாம்."

கணவன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு போனை எடுத்தான்.

"டாக்டர், கோழி செய்றவங்களோட வீட்டுக்காரர் பேசறேன்... வேன்ல வராதுங்க. நான் தேய்ச்சு இறகை அழிச்சிட்டேன்... ஆமாங்க, முழுசா... அவங்க மேல தப்பில்ல. திட்டுறதை என்னைத் திட்டுங்க, ஆர்டரை மட்டும் வேற யாருக்கும் குடுத்துடாதீங்க."

வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். காது சிவந்துபோனது.

"என்ன சொன்னாங்க?"

"ஆஸ்பத்திரி திறக்கிற நாள்ல சுவர் மொட்டையா நிக்குமேன்னு கத்தறாங்க. ஆனா காத்திருக்காங்களாம்."

வேன் காலியாகத் திரும்பிப் போனது. அவளுக்கு ஆறுதலாக ஒன்றும் இல்லை. இன்னும் ஒன்றரை இறக்கையும் முழு உடம்பும் பாக்கி. நாலு வெட்டு வெட்டினாள், உளி மழுங்கியது. அவன் முகத்தைப் பார்க்காமல் அதை நீட்டினாள்.

"ஒரே சாய்வுல வச்சுத் தீட்டுங்க. ஆட்டக்கூடாது."

"கத்திரிக்கோல் தீட்டுற மாதிரியா?"

"பேசாம தீட்டுங்க" என்று அடுத்த உளியை எடுத்தாள்.